ஒன்றும் ஏழும்

புன்டா அரீனாஸில் பெருங்காற்று நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
பிடித்துக்கொண்டு கடக்கலாம்.
மற்ற நாட்களில் அவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

நண்டுத் தொழிற்சாலையில் எடை எழுதுகிறவள் நான்.
படகு, பெட்டி, கிலோ.
பதினாறு வருடம் இதே மேசை.
மார்ச் மாதம்
மலைப்பாம்பின் பெயர் வைத்த ஒரு கணினி மொழியைக்
கற்கத் தொடங்கினேன்.
யாரிடமும் மூச்சு விடவில்லை.
பாதியில் விட்டால்
விட்டது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

வீடியோவில் பேசுகிறவன் தட்டத் தட்ட
எல்லாம் புரிந்தது.
தலையாட்டி ஆட்டிக் கழுத்தே வலித்தது.
அவன் நிறுத்தியதும்
வெள்ளைத் திரை,
துடிக்கும் ஒரு சிறு கோடு.
கண் பார்த்ததைக் கை செய்யவில்லை.
கரையில் உட்கார்ந்து பார்த்தே
நீச்சல் வந்துவிட்டதென்று நம்பியிருக்கிறேன்.

ஜூலையில் நண்டுப் பருவம்.
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்,
உப்பில் வெடித்த விரல்கள்.
செப்டம்பர் விடுமுறையில்தான்
மடிக்கணினியை மறுபடி திறந்தேன்.
ஊர் முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டி
இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தது.
லூப் எப்படித் தொடங்கும்?
முதலில் எந்தச் சொல்?
நானே எழுதிய கோப்பு
யாரோ அந்நியரின் கடிதம்போல் கிடந்தது.

அழவில்லை.
மூடி வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரித்தேன்.
எட்டுக் கிழங்கு.
எடு, உரி, தண்ணீரில் போடு.
எடு, உரி, தண்ணீரில்...
ஐந்தாவதில் கத்தி நின்றது.
அட, இதுதானே!
(கணினிக்கு அது நான்காவது.
அது பூஜ்யத்திலிருந்து எண்ணும்.
அந்தச் சண்டை எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.)

அன்றிலிருந்து
பஸ்ஸுக்கு முன் பதினைந்து நிமிடம்.
எதையும் பார்க்காமல் எழுதுவேன்.
சிக்கினால் ஒரே ஒரு எட்டிப்பார்த்தல்.
ஓடியதும் அழித்துவிடுவேன்.
அழிக்கத்தான் மனசு வராது,
ஓடுகிற ஒன்றை.

அக்டோபரில்
என் நிரல் ஒரு கூட்டுத்தொகை சொன்னது.
அலுவலகத்தில் பாரியெந்தோஸின் கால்குலேட்டர்
வேறு ஒன்று சொன்னது.
ஆறு கிலோ வித்தியாசம்.
"உன் பொம்மை தப்பு, யஸ்னா" என்றார்,
கோபமில்லாமல், காபியைக் கலக்கிக்கொண்டே.
நானும் அதைத்தான் நினைத்தேன்.

இரண்டு இரவு
என்னையே துருவினேன்.
ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு எண்ணையும்
வெளியே துப்ப வைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
தொண்ணூற்று மூன்றாவதில்
டோனா எல்சிரா என்ற படகு.
எனக்கு முப்பத்தேழு.
அவருக்கு முப்பத்தொன்று.
சீட்டை விளக்கடியில் பிடித்தால்
இரண்டுமே சரிதான்:
மூக்கு நீண்ட ஒன்று,
அல்லது கூனல் விழுந்த ஏழு.

துறைமுகத்துக்குப் போனேன்.
நௌவெல்கின் வலையை உதறியபடி பார்த்தான்.
"ஏழு.
இடுப்பில் கோடு போட மறந்துவிட்டேன்.
முப்பது வருடமாக எழுதுகிறேன்,
குளிரில் மறந்துபோகும்."

பாரியெந்தோஸ் ஆறு கிலோவுக்கான பணத்தைச்
சில்லறை பிசகாமல் எண்ணி வைத்தார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
எனக்கும் சொல்ல எதுவுமில்லை.
ஒன்றைத் தவிர:
இரண்டு இரவிலும்
காகிதத்தைச் சந்தேகிக்க
ஒரு தடவைகூடத் தோன்றவில்லை எனக்கு.

பெருமை ஒரு ராத்திரி தாங்கியது.
காலையில் வெள்ளைத் திரை.
இரண்டாம் வரியில் முக்காற்புள்ளியை விட்டுவிட்டேன்.
சிவப்பு எழுத்தில் திட்டு விழுந்தது.
எந்த வரி என்றும் அதுவே சொன்னது,
மனிதர்கள் அவ்வளவு சரியாகத் திட்டுவதில்லை.
இரண்டு புள்ளி வைத்தேன்.
ஓடியது.

வானொலியில் காற்று எழுபது என்றார்கள்.
கயிறு கட்டியிருப்பார்கள்.
பஸ்ஸுக்கு இன்னும் ஆறு நிமிடம்.
அழித்தேன்.
மேலே முதல் வரியிலிருந்து,
இன்னொரு முறைக்கு
நேரம் இருந்தது.